கால்கள் சொல்லும் சாட்சி: மெய்நிகர் உலகமும் முஃமினின் வருகையும்

ஜும்ஆ உரை, நாச்சியாபுரம்

எல்லாப் புகழும் அல்லாஹு தஆலா ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களை அடியொற்றி நடந்த நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் முன்பெல்லாம் டேப் ரிக்கார்டர் இருந்தது. பிறகு செல்போன் வந்தது. இப்போது சில வீடுகளுக்குப் புதிதாக ஒரு பொருள் வருகிறது. நீச்சல் கண்ணாடியைப் போலக் கண்களை முழுவதும் மூடிக்கொள்ளும் கருவி அது. வி.ஆர். ஹெட்செட் என்கிறார்கள். தமிழில் மெய்நிகர் கருவி என்று சொல்கிறார்கள். பிள்ளைகள் அதைக் கேட்கிறார்கள். அத்தாமார்கள் விலையைப் பார்த்து யோசிக்கிறார்கள். தாய்மார்கள், "ஹஜ்ரத், இது கூடுமா, கூடாதா?" என்று கேட்டு அனுப்புகிறார்கள்.

கூடும், கூடாது என்று ஒரே வார்த்தையில் முடிக்கக் கூடிய விஷயம் இல்லை இது. ஆகவே இன்றைய ஜும்ஆவில் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

கண்ணை நம்பவைக்கும் கருவி

முதலில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். நம் இரண்டு கண்களும் ஒரே காட்சியைச் சற்று வெவ்வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மூளை புரிந்துகொள்கிறது. இந்தக் கருவி இடது கண்ணுக்கு ஒரு படமும் வலது கண்ணுக்கு இன்னொரு படமும் காட்டுகிறது. நாம் தலையைத் திருப்பினால், அதிலுள்ள உணரிகள் அதை உடனே அறிந்து, படத்தை அதற்கேற்ப மாற்ற உதவுகின்றன. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் இது நடக்கிறது. அதனால் அறைக்குள் நிற்கும் பிள்ளைக்கு, தான் மலை உச்சியிலோ போர்க்களத்திலோ நிற்பதாக உண்மையாகவே தோன்றுகிறது.

இது நேற்று தொடங்கியதும் அல்ல. 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் என்ற விஞ்ஞானி இப்படி ஒரு கருவியைச் செய்தார். அது அவ்வளவு கனமாக இருந்ததால் கூரையிலிருந்து தொங்கவிட்டுத்தான் தலையில் மாட்ட வேண்டியிருந்தது. 2012-க்குப் பிறகுதான் சாதாரண மக்கள் வாங்கும் அளவுக்கு அது சுருங்கியது. 2014-இல் ஃபேஸ்புக் நிறுவனம் ஆக்குலஸ் என்ற கம்பெனியை சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியது. 2021 அக்டோபரில் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. இனி மக்கள் கூடுவதும் பேசுவதும் தொழில் செய்வதும் மெட்டாவெர்ஸ் என்னும் மெய்நிகர் உலகத்தில்தான் நடக்கும் என்று அறிவித்தது.

அந்த அறிவிப்பு சொன்ன வேகத்தில் நடக்கவில்லை. அந்த நிறுவனத்தின் மெய்நிகர் பிரிவு 2024 ஒரே ஆண்டில் காட்டிய நஷ்டம் சுமார் 1,770 கோடி டாலர். ஆப்பிள் நிறுவனம் 2024 பிப்ரவரியில் 3,499 டாலர் விலையில் ஒரு கருவியைக் கொண்டுவந்தது. அதுவும் வீட்டுக்கு வீடு போய்ச் சேரவில்லை. ஆனாலும், "அது தோற்றுவிட்டது, நமக்கென்ன" என்று இருந்துவிட வேண்டாம். கருவி சிறிதாகிக்கொண்டே வருகிறது, விலை குறைந்துகொண்டே வருகிறது. செல்போனும் ஒரு காலத்தில் பணக்காரர்களின் சட்டைப் பையில் மட்டும்தான் இருந்தது.

பெருமக்களே! இந்தக் கருவியில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதை மாட்டிக்கொள்ளும் பலருக்கு ஆரம்பத்தில் தலை சுற்றும், குமட்டும். ஏன் தெரியுமா? "நான் ஓடுகிறேன்" என்று கண் சொல்கிறது. உள்காதில் அல்லாஹ் வைத்திருக்கும் சமநிலை உறுப்போ, "இல்லை, நீ நின்ற இடத்தில்தான் நிற்கிறாய்" என்று சொல்கிறது. கண் ஏமாந்துவிட்டது. உடல் ஏமாற மறுக்கிறது.

நாம் வழமையாக ஓதுகிற யாஸீன் சூரா இதைத்தான் நினைவூட்டுகிறது. மறுமையில் வாய்களுக்கு முத்திரையிடப்படும், கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று அல்லாஹ் அதில் கூறுகிறான் (36:65). அன்றைய தினம் "நீ எங்கே போனாய்?" என்ற கேள்விக்குக் கண் பார்த்த காட்சி பதில் ஆகாது. கால் நடந்த இடம்தான் பதில். இன்றைய பயானின் அடிப்படை இதுதான்.

விளையாட்டு எதுவரை?

இந்தக் கருவி அதிகம் விற்பது விளையாட்டுக்காகத்தான். இஸ்லாம் விளையாட்டை வெறுக்கும் மார்க்கம் அல்ல. பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுன் நபவியில் ஈட்டி விளையாட்டு விளையாடினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தமக்குப் பின்னால் நிற்கவைத்து, அவர்களுக்குச் சலிக்கும்வரை பார்க்கவிட்டார்கள் (புகாரி, முஸ்லிம்). அன்னையாரோடு ஓட்டப்பந்தயமும் வைத்திருக்கிறார்கள் (அபூதாவூத்). ஹன்ழலா (ரலி) அவர்கள், சபையில் இருக்கும்போது இருக்கும் ஈமானிய உணர்வு மனைவி மக்களோடு இருக்கும்போது குறைந்துவிடுகிறதே என்று கவலைப்பட்டபோது, இதற்கும் ஒரு நேரம், அதற்கும் ஒரு நேரம் என்று ஆறுதல் கூறினார்கள் (முஸ்லிம்).

ஆகவே பிள்ளை விளையாடுவது குற்றம் அல்ல. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, அந்த விளையாட்டில் சூது இருக்கிறதா? மதுவையும் சூதாட்டத்தையும் ஷைத்தானின் அருவருப்பான செயல்கள் என்று அல்மாயிதா சூரா கண்டிக்கிறது (5:90). நம் தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளை வாசித்து நாம் கலங்கியிருக்கிறோம். அதனால்தான் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண விளையாட்டுகளையே தடைசெய்து சட்டம் இயற்றியது. நள்ளிரவு 12 முதல் 5 வரை என்பது என்ன நேரம்? தஹஜ்ஜுத்தின் நேரம். அடியான் ரப்போடு தனித்திருக்க வேண்டிய நேரத்தில் சூதாட்டத்தோடு தனித்திருந்தான் மனிதன். அதைப் பூட்ட அரசாங்கம் சட்டம் போட வேண்டியதாயிற்று! திரை மாறி ஹெட்செட் வந்தாலும் சூது சூதுதான்.

இரண்டாவது, விளையாட்டை நம்மால் நிறுத்த முடிகிறதா? உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தையும் சேர்த்திருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் அடையாளங்கள் மூன்று: விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லா வேலைகளையும்விட விளையாட்டு முந்திக்கொள்வது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது. பாங்கு சொல்லும்போது கழற்றிவைக்க முடிந்தால் அது விளையாட்டு. முடியாவிட்டால் பிள்ளை அதை ஆடவில்லை, அது பிள்ளையை ஆட்டுகிறது.

மூன்றாவது, உள்ளே பிள்ளையோடு யார் இருக்கிறார்? செல்போன் விளையாட்டில் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று நாம் எட்டிப் பார்க்கலாம். ஹெட்செட் மாட்டிய பிள்ளை பார்ப்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. உள்ளே உருவப் பொம்மைகளாக வரும் முகம் தெரியாதவர்களோடு அந்தப் பிள்ளை பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பொம்மையை அவதார் என்கிறார்கள். மெட்டாவின் மெய்நிகர் தளத்தில் ஒரு பெண்ணின் அவதாரை இன்னொருவரின் அவதார் தகாத முறையில் தொட்டதாக 2021-இல் புகார் எழுந்தது. 2022 பிப்ரவரியில் அந்த நிறுவனம் ஒரு அவதாருக்கும் இன்னொன்றுக்கும் இடையே சுமார் 4 அடி இடைவெளி இருக்கும்படி ஏற்பாடு செய்தது. அந்நிய ஆணும் பெண்ணும் இடைவெளி பேண வேண்டும் என்று சொன்னால் பழைமைவாதம் என்றார்கள். உடலே இல்லாத உலகத்திலும் இடைவெளி தேவைப்பட்டதைப் பாருங்கள். ஹயா, அதாவது வெட்கம், உடலுக்கு மட்டும் உரியது அல்ல, உள்ளத்துக்கும் உரியது.

அந்த நிறுவனமே 13 வயதுக்குக் கீழ் கூடாது என்றுதான் வைத்திருந்தது. 2023 முதல் பெற்றோரின் கட்டுப்பாட்டில் உள்ள கணக்கு இருந்தால் 10 வயது முதல் அனுமதிக்கிறது. விற்கிறவனே பெற்றோரின் பொறுப்பு என்று சொல்லும்போது, நாம் பொறுப்பை விட்டுவிடலாமா? நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற நபிமொழி (புகாரி, முஸ்லிம்) நமக்கு மனப்பாடம். ஹெட்செட்டின் கடவுச்சொல்லுக்கும் அந்த நபிமொழி பொருந்தும்.

கிருஷ்ணகிரியில் நடந்த வரவேற்பு

விளையாட்டைவிடப் பெரிய விஷயம் சமூக வாழ்க்கை. இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 2022 பிப்ரவரி 6-ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரம் என்ற கிராமத்தில் ஒரு திருமணம் நடந்தது. கொரோனா காரணமாக அதிகம் பேரைக் கூட்ட முடியாத காலம் அது. திருமணத்தை ஊரில் நெருங்கிய சொந்தங்களோடு நடத்திய அந்த மணமக்கள், வரவேற்பை மெட்டாவெர்ஸில் வைத்தார்கள். விருந்தினர்கள் இருந்த இடத்திலிருந்தே அவதார்களாக வந்து வாழ்த்தினார்கள். மணப்பெண்ணின் தந்தை அதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருடைய உருவத்திலும் ஒரு அவதார் செய்து, அவர் வந்து வாழ்த்துவதுபோல் அமைத்தார்கள். உலகமெங்கும் செய்தி ஆயிற்று.

இதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2020 பிப்ரவரியில், தென் கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி ஒரு ஆவணப்படம் ஒளிபரப்பியது. ஏழு வயதில் நோயால் இறந்துபோன தன் மகளை ஒரு தாய் மெய்நிகரில் சந்திக்கிறார். ஹெட்செட்டும் கையுறையும் மாட்டிக்கொண்ட அந்தத் தாய், மகளைத் தொடக் கை நீட்டி அழுகிறார். பார்க்கிறவர்களுக்கு அவர் நிற்பது வெறும் அறை என்று தெரிகிறது.

பெருமக்களே! இவர்களைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகனார் இப்ராஹீம் (ரலி) மரணித்தபோது கண்ணீர் வடித்தார்கள். பிரிந்தவரை ஒருமுறை பார்த்துவிட மாட்டோமா என்ற ஏக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அந்த மகளின் ஏக்கமும் அந்தத் தாயின் ஏக்கமும் உண்மையானவை. அவர்களுக்குக் கிடைத்ததுதான் உண்மையானது இல்லை.

அந்நூர் சூராவில் அல்லாஹ் ஓர் உதாரணம் சொல்கிறான். பாலைவெளியில் கானலைக் கண்ட தாகம் கொண்டவன் அதைத் தண்ணீர் என்று எண்ணுகிறான். அருகே போனால் அங்கே எதுவுமே இல்லை (24:39). இறைமறுப்பாளர்களின் செயல்களைப் பற்றிய உதாரணம் அது. ஆனால் கானலின் இயல்பு நமக்கும் பாடம்தான். தாகம் நிஜம். தண்ணீர் நிஜம் இல்லை. குடித்ததுபோல் நினைத்தால் தாகம் இன்னும் கூடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இறந்தவரின் உருவத்தை அசையவைத்து, அவர் சொல்லாததைச் சொல்லவைப்பது அவர் மீது பொய் சொல்வதாகிவிடும். இன்று வாழ்த்தவைப்பார்கள். நாளை சொத்தை இன்னாருக்குக் கொடு என்று சொல்லவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

மார்க்கம் பிரிந்தவரோடு உள்ள தொடர்பை அறுத்துவிடவில்லை. மனிதன் இறந்த பிறகும் நீங்காத தர்மமும், பயன்தரும் கல்வியும், அவனுக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளையும் அவனுக்கு நன்மை சேர்த்துக்கொண்டே இருக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள் (முஸ்லிம்). அத்தாவின் உருவம் நம் திரைக்கு வருவதைவிட, நம் துஆ அத்தாவின் கப்ருக்குப் போவது மேல். முன்னது நம் கண்ணுக்கு ஆறுதல். பின்னது அவருக்கே பயன்.

கஅபா கண்முன் வந்தால்?

2021 டிசம்பரில் சவூதி அரேபியாவில் ஹஜருல் அஸ்வத் கல்லை மெய்நிகரில் பார்க்கும் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. மக்கா போகாதவர்களும் அந்தக் கல்லின் அருகில் நிற்கும் உணர்வைப் பெறலாம். உடனே, "அப்படியானால் ஹஜ்ஜையும் இப்படியே முடித்துவிடலாமா?" என்ற கேள்வி எழுந்தது. 2022 பிப்ரவரியில் துருக்கியின் மார்க்க விவகாரத் துறை இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னது. மெய்நிகரில் கஅபாவைப் பார்க்கலாம், அது ஒருபோதும் ஹஜ் ஆகாது, கால் அந்த மண்ணில் பட வேண்டும் என்றது.

கால் மண்ணில் பட வேண்டும். சரியான வார்த்தை! ஹஜ்ஜுக் கடமைகளை எண்ணிப் பாருங்கள். தவாஃப், ஸஃயு, அரஃபாவில் தங்குவது, முஸ்தலிஃபாவில் இரவைக் கழிப்பது. எல்லாம் நடப்பதும் நிற்பதும் தங்குவதும்தான்.

அதே கருவியை ஹஜ் பயிற்சி வகுப்பில் பயன்படுத்தினால்? இப்போது நம் வகுப்புகளில் மாதிரி கஅபா செய்துவைத்து, எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிக்க வேண்டும் என்று காட்டுகிறோம். வயதான ஹாஜிகளுக்கு மெய்நிகரில் மதாஃபையும் ஜம்ராத்தையும் காட்டினால் அங்கே போய்த் தடுமாற மாட்டார்கள். அது நல்ல பயன்பாடு. மருத்துவ மாணவர்கள் அறுவை சிகிச்சை பழகவும், ஆபத்தான தொழில்களில் பயிற்சி பெறவும் இந்தக் கருவி உதவுகிறது. காரியங்கள் அவற்றின் நோக்கங்களைப் பொறுத்தே அமையும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. போவதற்குத் தயார் செய்தால் அது உதவி. போனதாக நினைக்கவைத்தால் அது ஏமாற்று.

நிக்காஹ்விலும் இதே நுட்பம் இருக்கிறது. 1990-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தொலைத்தொடர்புக் கருவிகள் மூலம் வியாபார ஒப்பந்தங்கள் செய்வதை அனுமதித்தது. திருமணத்தை அதிலிருந்து விலக்கிவைத்தது. காரணம், அதற்குச் சாட்சிகள் வேண்டும். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் நம் பகுதியில் என்ன செய்கிறோம்? அவர் ஒருவரை வக்கீலாக நியமிக்கிறார். அந்த வக்கீல் இந்தச் சபையில் உட்கார்ந்து, சாட்சிகள் காதால் கேட்க, அவருக்காக ஏற்றுக்கொள்கிறார். வர முடியாதவருக்கு வழி இருக்கிறது. ஆனால் அவருக்குப் பதிலாக உயிருள்ள ஒரு மனிதர் வந்து உட்கார வேண்டும்.

2020 ஊரடங்கில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது, தொலைக்காட்சியில் மக்கா இமாமைப் பின்பற்றித் தொழலாமா என்று பலர் கேட்டார்கள். கூடாது, வீட்டில் லுஹர் தொழுங்கள் என்றே பெரும்பான்மை உலமாக்கள் சொன்னார்கள். சத்தம் வந்துவிட்டது, படமும் வந்துவிட்டது. ஆனால் ஸஃப்பு வரவில்லை.

ஒரு முஸ்லிமின் ஐந்து உரிமைகள்

ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகள் ஐந்து என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள்: ஸலாமுக்குப் பதில் சொல்வது, நோயாளியை விசாரிக்கச் செல்வது, ஜனாஸாவைப் பின்தொடர்வது, விருந்தழைப்பை ஏற்பது, தும்மியவர் அல்லாஹ்வைப் புகழ்ந்தால் அவருக்கு துஆச் செய்வது (புகாரி, முஸ்லிம்).

இந்த ஐந்தையும் மெய்நிகர் உலகத்தோடு வைத்துப் பாருங்கள். ஸலாமுக்கு எழுத்தில்கூடப் பதில் சொல்லிவிடலாம். மற்றவை? நோயாளியின் கட்டிலருகே அவதார் உட்கார்ந்தால் அவருக்குக் கஞ்சி ஊட்ட முடியுமா? ஜனாஸாவுக்கு அவதார் வந்தால் தோள் கொடுக்க முடியுமா? விருந்தில் அவதார் ஒரு பிடி சோறு உண்ணுமா? தும்மலுக்கு துஆச் செய்வதைப் பாருங்கள். எவ்வளவு சிறிய கடமை! ஆனால் தும்மல் காதில் விழும் தூரத்தில் நாம் இருந்தால்தான் அந்தக் கடமையே வரும். ஒருவருக்கொருவர் அவ்வளவு அருகில் வாழுங்கள் என்று மார்க்கம் எதிர்பார்க்கிறது.

இங்கே கொஞ்சம் நம் நிலையையும் பேசியாக வேண்டும். மஹல்லாவில் ஒரு மவுத் என்றால் முதலில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது. சில நிமிடங்களில் "இன்னா லில்லாஹி" என்று வரிசையாகப் பதிவுகள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் அழுதுகொண்டே வீடியோவில் பார்க்கிறார்கள். அவர்களால் வர முடியவில்லை. அவர்களின் கண்ணீரை அல்லாஹ் அறிவான். ஆனால் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவரும் அதே குழுவில் அதே வார்த்தையைப் போட்டுவிட்டு, கடையைப் பார்க்கிறார். ஜனாஸாத் தொழுகையின் ஸஃப்பு மெலிகிறது. கபரஸ்தானுக்கு வருகிறவர்கள் அதிலும் குறைவு. ஹெட்செட் இன்னும் நம் தெருவுக்கு முழுதாக வரவில்லை. வராமல் வந்ததாக நினைக்கும் பழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

ஜனாஸாத் தொழுதவருக்கு ஒரு கீராத் நன்மை, அடக்கம் முடியும்வரை இருந்தவருக்கு இரண்டு கீராத், ஒவ்வொன்றும் மலையளவு என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்தார்கள். அதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் உறுதிப்படுத்தியபோது, நாம் எத்தனையோ கீராத்துகளைத் தவறவிட்டுவிட்டோமே என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் வருந்தினார்கள் (புகாரி). எவ்வளவோ ஜனாஸாக்களில் கலந்துகொண்ட நபித்தோழர் அவர். நாம் எத்தனையைத் தவறவிட்டிருக்கிறோம்?

வர முடியாதவரும், வர மனமில்லாதவரும்

"ஹஜ்ரத், தூரத்தில் இருப்பவன் என்ன செய்வான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அபிசீனியாவின் மன்னர் நஜ்ஜாஷி மரணித்த செய்தியை நாயகம் (ஸல்) அவர்கள் அன்றைய தினமே மதீனாவில் அறிவித்து, தோழர்களை வரிசையில் நிறுத்தி, நான்கு தக்பீர்கள் சொல்லித் தொழவைத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). இதை ஆதாரமாக வைத்து, மய்யித் முன்னால் இல்லாத காயிப் ஜனாஸா கூடும் என்று ஷாஃபிஈ மத்ஹபில் சொல்கிறார்கள். அது நஜ்ஜாஷிக்கு மட்டும் உரிய சிறப்பு, மய்யித் முன்னால் இருக்க வேண்டும் என்று நம் ஹனஃபி மத்ஹபில் சொல்கிறார்கள். முன்னால் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் இமாம்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டு தரப்பிலும், உள்ளூரில் இருப்பவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு காயிப் ஜனாஸா தொழுதுகொள்ளட்டும் என்று சொல்லவில்லை.

இதுவே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல். வர முடியாதவருக்கு மெய்நிகர் கருவி ஒரு பாலம். வர முடிந்தவருக்கு அது ஒரு சாக்கு.

குவைத்தில் இருக்கும் அத்தா, ஹெட்செட் மூலம் தன் குழந்தை நடை பழகுவதைப் பக்கத்தில் இருப்பதுபோல் பார்க்க முடிந்தால் மாஷா அல்லாஹ், பார்க்கட்டும். நடக்க முடியாத முதியவர் அதில் மதீனாவைப் பார்த்துக் கண்ணீர் சிந்தட்டும். ஆனால் அதே அத்தா விடுமுறையில் ஊருக்கு வந்து, பிள்ளை ஒரு அறையிலும் தான் ஒரு அறையிலும் ஆளுக்கொரு கருவியோடு இருந்தால், இந்தப் பயணம் எதற்கு?

நம் அண்டை அயலாரான நகரத்தார் பெருமக்களைப் பாருங்கள். நம் செட்டிநாட்டின் பெரிய வீடுகளை அவர்களின் முன்னோர்கள் பர்மா, மலாயா, இலங்கை என்று போய்ச் சம்பாதித்துக் கட்டினார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடி ஓடு! இன்று அவற்றில் பல வருடத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. பார்த்துக்கொள்ள ஒருவர் மட்டும் இருப்பார். ஆனால் குடும்பத்தில் ஒரு கல்யாணம் என்றால், சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்து அந்த வீட்டைத் திறக்கிறார்கள். வீடியோ வசதி அவர்களுக்கு இல்லையா? இருக்கிறது. இருந்தும் முகப்பில் உட்கார்ந்து, பந்தியில் சேர்ந்து சாப்பிட்டால்தான் அது கல்யாணம் என்று வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும் ஆள் வந்தால்தான் அது வீடு என்பதற்கு நம் ஊர்த் தெருக்களே பாடம். கோடிக்கணக்கான டாலரில் கட்டிய மெய்நிகர் மாளிகைக்கும் இதே விதிதான்.

கால்தடங்கள் எழுதப்படுகின்றன

மதீனாவில் பனூ ஸலிமா என்ற கூட்டத்தார் பள்ளிவாசலிலிருந்து தூரத்தில் குடியிருந்தார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் இடம் காலியானபோது அங்கே குடிவர விரும்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ, இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்று அறிவுறுத்தினார்கள் (முஸ்லிம்). அவர்கள் முற்படுத்தியதையும் அவர்களின் தடங்களையும் நாம் எழுதுகிறோம் என்று யாஸீன் சூராவில் வருகிறதே (36:12), அதோடு சேர்த்து இந்தச் சம்பவத்தை விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள்.

தூரத்தைச் சுருக்குவதுதான் முன்னேற்றம் என்று உலகம் நினைக்கிறது. நடந்த தூரத்துக்கே நன்மை என்று மார்க்கம் சொல்கிறது. ஹெட்செட்டைக் கழற்றினால், கால் அதே பாயில்தான் நிற்கும். அங்கே எழுத ஒரு தடமும் இல்லை.

ஆகவே, அன்பிற்குரியவர்களே! இந்த வாரம் வீட்டில் சில முடிவுகளை எடுத்துக்கொள்வோம்.

ஹெட்செட் வாங்கினால் அது கூடத்தில் இருக்கட்டும், படுக்கை அறைக்குப் போக வேண்டாம். பிள்ளை என்ன பார்க்கிறது என்பதைத் தொலைக்காட்சித் திரையிலும் காட்டும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. அதைப் போட்டுவையுங்கள். அத்தாவும் ஒருமுறை மாட்டிப் பார்க்கட்டும். பாங்கு சொன்னால் கருவி கழற்றப்படும் என்பது வீட்டின் சட்டமாகட்டும். அது பிள்ளைக்கு மட்டுமல்ல, செல்போனோடு இருக்கும் பெரியவர்களுக்கும்தான்.

இளைஞர்களே! வாட்ஸ்அப்பில் "இன்னா லில்லாஹி" போடும் ஒவ்வொரு முறையும், உள்ளூரில் இருந்தால் எழுந்து வாருங்கள். கப்ருக்கு மூன்று பிடி மண் போடுங்கள். அந்த மண் உங்கள் கையில் ஒட்டும். நாளை அந்தக் கை பேசும், அந்தக் கால் சாட்சி சொல்லும்.

ஜும்ஆ முடிந்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு ஸலாம் சொல்லி முஸாபஹா செய்யுங்கள். இரண்டு முஸ்லிம்கள் சந்தித்துக் கைகொடுத்துக்கொண்டால், பிரிவதற்கு முன்பே அவர்களின் பாவங்கள் மன்னிக்கப்படும் என்ற நற்செய்தி இருக்கிறது (அபூதாவூத், திர்மிதி). நம் மஹல்லாவில் நோயாளியாக இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டு, அஸருக்குப் பிறகு ஒரு வீட்டுக்காவது போய்வருவோம்.

யா அல்லாஹ்! எங்கள் கண்களைக் கானலிலிருந்து காப்பாயாக! எங்கள் பிள்ளைகளின் நேரத்திலும் அறிவிலும் பரக்கத் செய்வாயாக! தூர தேசங்களில் உழைக்கும் எங்கள் சகோதரர்களை நலமோடு குடும்பத்தோடு சேர்த்துவைப்பாயாக! எங்களை விட்டுப் பிரிந்தவர்களின் கப்ருகளை ஒளியாக்கி, சுவனத்தில் அவர்களை நேரில் சந்திக்கும் பாக்கியத்தைத் தருவாயாக! எங்கள் கால்களை உன் பள்ளிவாசலின் பாதையிலும், உன் அடியார்களின் உதவியிலும் நடக்கச் செய்து, மறுமையில் அவற்றை எங்களுக்குச் சாதகமான சாட்சிகளாக ஆக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.